இரவல் டம்ளரும் ஏழு புத்தகங்களும்

தம்பி,

நீ இங்கிலீஷில் எழுதிய கட்டுரையை, மைசூரில் நம் தமிழர்கள் வருஷா வருஷம் போடும் மலருக்காக யாரோ தமிழாக்கி, பிழை பார்த்துத் தரும்படி என்னிடம் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. மலர்க் குழுவின் செயலாளர் நேற்றோடு ஐந்தாவது முறை போன் பண்ணிவிட்டார். "டீச்சர், பையன் கட்டுரை ரெடியா? ரெண்டு பக்கம் காலியா வெச்சிருக்கேன். நீங்க குடுத்தாத்தான் பிரஸ்ஸுக்கே போகும்" என்கிறார். நான் கால் வலி, கண் வலி என்று ஏதேதோ சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிழை பார்க்க எனக்கு அரை மணி நேரம் போதும். முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளின் நோட்டில் அதைத்தானே பார்த்தேன். உன் கட்டுரையில் ஒற்றுப்பிழை நான்கு, ஒருமை பன்மைப் பிழை இரண்டு. அவற்றை அன்றைக்கே திருத்திவிட்டேன். மூன்றாவது பத்தியில் ஒரு பிழை இருக்கிறது. அதை எப்படித் திருத்துவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் முழித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பத்தியில் நீ என்னைப் பற்றி எழுதியிருக்கிறாய். உன் அம்மா ஸ்கூல் டீச்சராக இருந்தபோது, யார் ஏழை என்று வீடு வீடாகப் போய்க் குறிக்கும் அரசாங்கக் கணக்கெடுப்புக்குப் போனாள், தமிழ்க் கூலிக்காரர்கள் இருக்கும் தெருவில் அவர்களுடைய மொழியிலேயே பேசினாள், அதனால் அவர்கள் அவளிடம் உண்மையைச் சொன்னார்கள், வறுமையை அளக்கிறவனுக்கு முதலில் அதன் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதை அவளிடம்தான் கற்றேன் என்று எழுதியிருக்கிறாய். இந்தக் கட்டுரையைக் காட்டித்தான் உனக்கு வெளிநாட்டில் பொருளாதாரம் படிக்க இடமும் உதவித்தொகையும் கிடைத்தன. அடுத்த மாதம் கிளம்பப் போகிறாய். அந்தப் பத்தியை நான்கு தடவை படித்தேன். பெருமையில் படித்தேன் என்று நீ நினைத்துக்கொள்வாய். அது பாதிதான் சரி.

கட்டுரையின் கடைசியில் "வளர்ச்சி, வறுமை, அரசின் கொள்கை: அவசியம் படிக்க வேண்டிய ஏழு நூல்கள்" என்று ஒரு பட்டியல் வேறு போட்டிருந்தாய். மூன்றுக்கு நட்சத்திரம். நான் படிக்காத புத்தகத்தை ஊரைப் படிக்கச் சொல்லும் காகிதத்தில் எப்படிக் கை வைப்பது? உன் அலமாரியிலிருந்து ஏழு புத்தகங்களையும் இறக்கினேன். பக்கத்தில் அகராதி, கையில் சிவப்புப் பென்சில், காலையில் ராகிக் கஞ்சி குடித்துவிட்டு உட்கார்ந்தால் பதினொரு மணி வரை படிப்பு. நீ பெங்களூரில் ஆபீஸுக்குப் போன நேரத்தில் உன் அம்மா இங்கே பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை போல உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்துப் பார். சிரிக்காதே.

சிவப்பு அட்டைப் புத்தகம், நாடு முதலில் வளரட்டும் என்கிறது. சாலை வரட்டும், தொழிற்சாலை வரட்டும், வேலை வரும், வேலை வந்தால் வயிறு நிறையும். நான் அப்படியே நம்பிவிட்டேன். நம் தெருவில் பாதிப் பேர் தொழிற்பேட்டை வந்த பிறகுதானே மாதச் சம்பளம் என்பதையே கண்டார்கள். ஓரத்தில் "சரி" என்று எழுதினேன். அடுத்தது அந்த மெல்லிய பச்சைப் புத்தகம். வளர்ச்சி எல்லோர் வாசலிலும் நிற்காது, சிலரைத் தாண்டிப் போய்விடும், அவர்களுக்குக் கையில்தான் கொடுக்க வேண்டும் என்கிறது. அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. அங்கேயும் "சரி" போட்டேன். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், ஒன்றையொன்று மறுக்கிற இரண்டு பக்கங்களுக்கும் நான் மார்க் போட்டிருப்பது தெரிந்தது. ஒரே கணக்குக்கு இரண்டு விடை எழுதி வைத்த பிள்ளையை நான் என்ன பாடு படுத்தியிருப்பேன் என்று உனக்குத் தெரியும்.

மூன்றாவது இன்னும் மோசம். அரிசியாகக் கொடுப்பதா, பணமாகக் கொடுப்பதா என்று ஒரு புத்தகம் முழுக்க வாதாடுகிறார்கள். பணமாகக் கொடுத்தால் அது எந்தக் கடைக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும், உன் சித்தப்பாவோடு ஒரே வீட்டில் ஆறு வருஷம் இருந்தவள் நான். ஆனால் அந்தப் புத்தகம், அப்படி யாரும் அதிகம் ஊதாரித்தனம் பண்ணுவதில்லை என்று படம் போட்டுக் காட்டுகிறது. உன் சித்தப்பா வீட்டுக்கு மட்டும் அவர்கள் போகவில்லை போலிருக்கிறது. நான்காவதில் வளைகோடுகள் அதிகம், அதில் எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. மாலையில் வாசலில் உட்கார்ந்து யோசித்தால், காலையில் நம்பினது ஆட்டம் கண்டுவிடும். நீ இதையெல்லாம் படித்துவிட்டு எப்படித் தெளிவாக இருக்கிறாய்? அல்லது இருப்பதுபோலக் காட்டிக்கொள்கிறாயா?

ஐந்தாவது புத்தகத்தில்தான் மாட்டிக்கொண்டேன். வறுமையை அளப்பது எப்படி என்பது அதன் விஷயம். அதில் ஓர் அத்தியாயம், கணக்கெடுக்க வருகிறவரிடம் ஜனங்கள் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதைப் பற்றி. சலுகை கிடைக்கும் என்று தெரிந்தால் இருப்பதை மறைப்பார்கள், ஆகவே அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வழிமுறைகள் சொல்லியிருந்தார்கள். இல்லாததை இருப்பதாகக் காட்டுகிறவர்களைப் பற்றி ஏதாவது இருக்கும் என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். எனக்கு அகப்படவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். இனி நான் சொல்லப் போவது நீ அறியாதது.

நீ ஏழாவது படித்த வருஷம் அது. கோடை விடுமுறையில் எங்களையெல்லாம் கணக்கெடுப்புக்குப் போட்டார்கள். மண்டி மொஹல்லாவுக்குப் பின்னால் கட்டட வேலைக்காரர்கள் குடியிருக்கும் ஒரு சந்துக்கு யாரும் போக விரும்பவில்லை. ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்து, "மேடம், நிமகெ தமிழ் பருத்தல்வா, நீவே ஹோகி" என்றார். உங்களுக்குத்தான் தமிழ் வருமே, நீங்களே போங்கள் என்று. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். அந்தப் படிவத்தில் கேள்விகள் இருக்கும்: வீட்டில் நாற்காலி உண்டா, டிவி உண்டா, குடும்பத் தலைவர் என்ன வேலை செய்கிறார், எத்தனை வேளை சாப்பாடு. கடைசியில் "ஷரா" என்று ஒரு சின்னக் கட்டம், நமக்குத் தோன்றியதை எழுத. அதில் இரண்டு வார்த்தைக்கு மேல் எழுத இடம் இருக்காது. எழுதவும் யாரும் எழுதமாட்டார்கள்.

அங்கே ஒரு வீடு. அவளைச் செல்வி என்று சொல்கிறேன், அது அவள் பெயரல்ல. ஏன் என்பது பின்னால் தெரியும். முதலில் வாசலிலேயே நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். எந்த ஊர் என்று கேட்டேன். "ஹனூர் பக்கமுங்க" என்றாள். "நான் கொள்ளேகால்" என்றேன். அவ்வளவுதான், அவள் முகமே மாறிவிட்டது. "அட, நம்மூரு அக்காங்களா. ஒரு நிமிசம் இருங்கக்கா, வந்தர்றேன்" என்று பின்பக்கமாக ஓடினாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் நீல பிளாஸ்டிக் நாற்காலி, பின்னாலேயே தட்டில் பிஸ்கட், எவர்சில்வர் டம்ளரில் காபி. கட்டிலில் அவள் புருஷன், இஸ்திரி போட்ட சட்டையோடு, கால்மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன வேலை என்று கேட்டேன். "மேஸ்திரி வேலைங்க. கை நெறைய வேலை இருக்குதுங்க." இன்றைக்குப் போகவில்லையா? "இன்னிக்கு லீவுங்க." அன்று புதன்கிழமை. மூலையில் பூப்போட்ட துணி போர்த்தி ஏதோ இருந்தது. டிவியா என்றேன். ஆமாம் என்றாள். சாப்பாடு மூன்று வேளையா? "எங்களுக்கென்னங்கக்கா கொறை" என்றாள். அவர்களுடைய மகள், உன் வயதைவிடக் கொஞ்சம் பெரியவள், கதவோரம் நின்று பிஸ்கட் தட்டைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள்.

நான் காபி டம்ளரைக் கையில் எடுத்தேன். அதில் பெயர் வெட்டியிருந்தது, நம் வீட்டுப் பாத்திரங்களில் எல்லாம் வெட்டியிருக்குமே, அதுபோல. முனியம்மா என்று இருந்தது. முனியம்மா பக்கத்து வீட்டுக்காரி. பத்து நிமிஷம் முன்புதான் அவள் பெயரை என் கையாலேயே படிவத்தில் எழுதியிருந்தேன். நாற்காலியைப் பார்த்தேன். கை உடைந்த இடத்தில் கம்பி சுற்றியிருந்த அதே நாற்காலி, அவள் வீட்டில் நான் உட்கார்ந்து எழுந்தது. தம்பி, எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் போனது என்று மட்டும் நினைக்காதே. நான் டம்ளரை மெல்லத் திருப்பி, பெயர் இருந்த பக்கம் என் உள்ளங்கைக்குள் வரும்படி பிடித்துக்கொண்டு காபியைக் குடித்தேன். குடித்துவிட்டு, நாற்காலி உண்டு, டிவி உண்டு, மேஸ்திரி, மூன்று வேளை என்று எழுதினேன். ஷரா கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன். அடுத்த வீட்டுக்குப் போனேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்பாய். மானத்தோடு பேசுகிறவளை நடுவீட்டில் வைத்துப் பொய்க்காரியாக்க மனம் வரவில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டதுண்டு. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் பதினொரு வீடு பாக்கி, சீக்கிரம் முடித்துவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது என்பதும் உண்மை. இதில் எது முதல் காரணம், எது இரண்டாவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உன்னிடமும் உன் அப்பாவிடமும் பீற்றிக்கொண்டேன்: "மத்த டீச்சருங்க போனா வாயே தொறக்கமாட்டாங்க. எங்கிட்டன்னா தமிழ்ல மனசு விட்டுப் பேசறாங்க." பஸ் டிப்போ வேலையிலிருந்து கிரீஸ் கையோடு வந்து உட்கார்ந்திருந்த உன் அப்பா, "பேசுவாங்க. உண்மையைப் பேசுவாங்களான்னு பாரு" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார். அவர் சொன்னதை நீ மறந்துவிட்டாய், நான் சொன்னதைக் கட்டுரையாக எழுதிவிட்டாய். குற்றம் உன்னுடையதல்ல.

இரவல் பாத்திரத்தை ஒரு பார்வையில் கண்டுபிடிக்க எனக்குத் தெரியும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. கல்யாணமாகி மைசூருக்கு வந்த முதல் வருஷம் உன் தாத்தா, என் அப்பா, கொள்ளேகாலிலிருந்து திடீரென்று பார்க்க வந்தார். உன் அப்பாவுக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. வீட்டில் இரண்டு அலுமினியச் சட்டி, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். நான் பக்கத்து வீட்டில் குக்கரும் தட்டும் வாங்கி வந்து சமைத்து, ராணி மாதிரிப் பரிமாறினேன். தட்டின் நடுவில் அடுத்த வீட்டுக்காரர் பெயர். அப்பா சோற்றை எடுக்க எடுக்க ஒவ்வோர் எழுத்தாக வெளியே வருகிறது. அவர் கடைசிவரை அந்த எழுத்துகளின்மேல் கொஞ்சம் சோற்றை மிச்சம் வைத்து மூடியபடியே சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கற கண்ணு" என்று சொல்லிக் கை கழுவினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த மாதம் கொள்ளேகால் பஸ் கண்டக்டர் ஒரு மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போனார். உள்ளே ஒரு குக்கரும் ஆறு தட்டுகளும் இருந்தன, எல்லாவற்றிலும் என் பெயர் வெட்டியிருந்தது. அவரும் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல இருந்தவர்தான். நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் என்னிடமிருந்து செல்விக்கு எந்த மூட்டையும் போகவில்லை.

அதன்பிறகு ஒரே ஒரு தடவை அவள் ஸ்கூல் கேட்டில் வந்து நின்றாள். "முனியம்மாளுக்கு ரேஷன் கார்டு வந்திருச்சுங்கக்கா. எங்களுக்கு வரலீங்க" என்றாள். மணி அடித்துவிட்டது, பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். மறுபடி அர்ஜி எழுதிப் போடு என்று ஆபீஸ் இருக்கும் தெருவைச் சொல்லி அனுப்பினேன். அந்த ஆபீஸில் எடுத்துப் பார்ப்பது நான் எழுதிய காகிதத்தைத்தான் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதும் தெரியாது.

ஐந்தாவது புத்தகத்தை மூடிய மறுநாள் காலை ஓர் ஆட்டோ பிடித்து அந்தச் சந்துக்குப் போனேன். சந்து அடையாளமே தெரியவில்லை. ஓட்டு வீடுகள் இருந்த இடத்தில் மாடிகள், வாசலுக்கு வாசல் டூவீலர், நடப்பதற்கே ஒதுங்க வேண்டியிருந்தது. சிவப்பு அட்டைப் புத்தகத்துக்காரர் பக்கத்தில் இருந்திருந்தால் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார். செல்வி என்னை உடனே கண்டுகொண்டாள். ஹாஸ்டலில் சமையல் வேலை பார்க்கிறாள். அவள் புருஷனுக்குக் கால் விந்துகிறது, ஓர் அபார்ட்மெண்டில் வாட்ச்மேன். மகன் சரக்கு வண்டி ஓட்டுகிறான். வீட்டில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், நிஜமான டிவி. அன்றைக்குத் துணிக்கு அடியில் டிவி இல்லையாம், பிஸ்கட் கம்பெனி அட்டைப்பெட்டியாம். அதைச் சொல்லி அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு வந்த காரியத்தைச் சொன்னேன். அன்று நான் டம்ளரில் இருந்த பெயரைப் பார்த்தேன் என்று சொன்னேன்.

"தெரியுமுங்கக்கா" என்றாள். "நீங்க டம்ளரத் திருப்பிப் புடிச்சீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சு போச்சு. அன்னிக்குப் பூரா இவர்கிட்ட அதத்தான் சொல்லிட்டிருந்தேன், அக்கா நம்ம மானத்தக் காப்பாத்திட்டாங்கன்னு." அதே குரலில் தொடர்ந்தாள்: "அப்பறம் கார்டு இல்லைன்னு ஆச்சுங்களா, உங்களத் திட்டாத நாளே கெடையாதுங்க. நீங்க வந்தப்பவே சாரத்துல இருந்து உளுந்து ஏழு மாசமா இவரு கட்டல்ல கெடந்தாரு. பாத்தவங்க, எழுதியிருக்கலாமில்லீங்க."

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன். கூச்சமில்லாமல் அதைக் கேட்டேன் பார்.

"உங்ககிட்ட எப்படிங்கக்கா சொல்றது? கன்னடத்து மேடம் யாராச்சும் வந்திருந்தா சொல்லியிருப்பேன். அவங்க கேட்டுட்டு, எழுதிட்டு, போயிருவாங்க. நீங்க கொள்ளேகாலு. நாளைக்கு ஊருக்குப் போனா சொல்லமாட்டீங்களா, இன்னாரு மக மைசூர்ல இப்படிக் கெடக்கறான்னு? ரெண்டு வருசம் கழிச்சு ஒரு கன்னடத்து மேடம்தான் வந்தாங்க. அவங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கார்டும் வந்திருச்சு." பிறகு, வேறு யாரைப் பற்றியோ சொல்வது போலச் சொன்னாள்: "அதுக்குள்ள கவிதாவ நிறுத்திட்டேனுங்க. ஒன்பதாவது முடிச்சிருந்தா. ஊதுபத்தி உருட்ட உக்கார வெச்சேன். கார்டு வந்தப்பறம் போடி கண்ணுன்னேன். சின்னப் பசங்களோட போய் உக்காரமாட்டேன்னுட்டா." கவிதா இப்போது கல்யாணமாகிச் சாமராஜநகரில் இருக்கிறாள். இன்னும் ஊதுபத்திதான் உருட்டுகிறாளாம். எனக்கு அழுகை வந்தது. செல்வி அழவில்லை. எழுந்து போய்க் காபி கொண்டுவந்தாள். இந்த முறை டம்ளரில் அவள் பெயரே வெட்டியிருந்தது, அந்தப் பக்கம் எனக்குத் தெரியும்படி நீட்டினாள்.

மலரில் எழுதப் போகிறேன், உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். "எழுதுங்க. ஆனா பேர மாத்திப் போட்டுருங்கக்கா. நம்மூருக்காரங்க எல்லாம் படிப்பாங்க" என்றாள். மகளின் பெயரையும் பக்கத்து வீட்டுக்காரி பெயரையும்கூட அவளே மாற்றிக் கொடுத்தாள். இத்தனை வருஷம் கழித்தும் அவளுக்கு அதுதான் பெரிதாக இருக்கிறது, எனக்கு அதைத் தப்பென்று சொல்ல வாய் வரவில்லை.

இப்போது சொல், இந்தக் குடும்பத்தை உன் ஏழு புத்தகங்களில் எந்தப் புத்தகத்தில் வைப்பாய்? மாடியைப் பார்த்தால் முதல் புத்தகம் ஜெயித்தது. கவிதாவைப் பார்த்தால் இரண்டாவது. ஆறாவது புத்தகத்தை ஓர் அதிகாரி எழுதியிருக்கிறார், கதை கதையாக நன்றாக இருந்தது, அவர் எந்த வீட்டிலும் காபி குடித்ததாகத் தெரியவில்லை. ஏழாவது பாதியில் நிற்கிறது. நம் மொழி தெரிந்தவரை அனுப்பினால் உண்மை வரும் என்று நீ எழுதியிருக்கிறாய். நம் மொழி தெரிந்ததால்தான் உண்மை வரவில்லை. அப்படியானால் மொழி தெரியாதவரை அனுப்புவதா? அவர் பாதியைப் புரிந்துகொள்ளாமல் எழுதிவிட்டுப் போவாரே. இதற்கு எனக்கு விடை தெரியவில்லை, கண்ணு. தெரியவில்லை என்பதை நீ மறைக்காமல் படிக்கப் போனால் போதும் என்று தோன்றுகிறது. ஒருவேளை நீ நாளைக்கு இப்படிப் படிவங்கள் தயார் செய்கிற இடத்துக்கு வந்தால், அந்த ஷரா கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக வை. அதை நிரப்பப் போகிறவளுக்கு வீட்டுக்கு அரை மணி நேரமாவது கொடு. ஒரே வீட்டுக்கு இரண்டாம் தடவை போகச் சொல். இதுவும் சரிதானா என்று உறுதியாகச் சொல்லமாட்டேன்.

உன் கட்டுரையை நான் செயலாளரிடம் கொடுக்கப் போவதில்லை. அந்த இரண்டு பக்கத்தில் இந்தக் கடிதம்தான் வரும். இரண்டு பக்கம் போதாது என்பார் அவர், கூடப் பக்கம் போடச் சொல்லுவேன். உனக்குக் கோபம் வரலாம். அந்தப் பல்கலைக்கழகத்தாருக்கு நீயே ஒரு கடிதம் எழுதி, என் அம்மா என்னிடம் பெருமைக்குச் சொன்னதை நான் நம்பிவிட்டேன் என்று தெரிவிப்பது நல்லது. அதனால் உன் இடத்துக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பத்து நாள் யோசித்தேன், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. அந்தப் பட்டியலில் உள்ள புத்தகங்களை எல்லோரும் படிக்கலாம். இளைஞர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். என்னைப் போல இரண்டு பக்கமும் "சரி" போட்டுக் குழம்பினால் கெட்டுப் போகமாட்டார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. உன் அப்பாவும் இல்லாத வீடு இது. போன ஞாயிறு வீடியோ காலில் நீ கேட்டாய்: "நான் போயிட்டா தனியா இருந்துக்குவியாம்மா? நெஜமா சொல்லு." நான், "எனக்கென்னடா கொறை" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. போனை நான் எப்போதும் கேலண்டர் மாட்டிய சுவருக்கு எதிரில்தான் வைப்பேன். அந்தச் சுவர் மட்டும்தான் சுண்ணாம்பு அடித்தது. அன்றைக்கு அவசரத்தில் சரியாக வைக்கவில்லை. நாற்காலியோரம் சாய்த்து வைத்திருந்த கைத்தடி திரையில் விழுந்திருக்கிறது. உன் கண் ஒரு நொடி அங்கே போனதை நான் பார்த்தேன். உடனே நீ, "லைட்டு சரியில்லம்மா, போன கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வை" என்றாய். நான் திருப்பி வைத்தேன். இருவரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

உன்னைக் குறை சொல்லவில்லை. நீ என் மகன், வேறு எப்படிச் செய்திருப்பாய்? கைத்தடியை மட்டும் எழுதிவிட்டேன். அது எப்போது வந்தது, ஏன் வந்தது, டாக்டர் என்ன சொன்னார் என்பதையெல்லாம் இங்கே எழுதமாட்டேன். இந்த மலரைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் கொள்ளேகால்காரர்கள். நீ போகாமல் நின்றுவிடவும் கூடாது, டிக்கெட்டை அப்படியே வைத்திரு. வருகிற ஞாயிறு கூப்பிடும்போது போனைத் திருப்பச் சொல்லாதே. நெஜமா சொல்லு என்று கேள். நான் பழக்கத்தில் எனக்கென்ன குறை என்பேன். இன்னொரு தரம் கேள், கண்ணு. இரண்டாம் தரம் கேட்டால் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

அம்மா